பொன்னாடையும் பேரேடும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகளுக்கு இரண்டு வகையான அழைப்புகள் வரும். ஒன்று, நிதியாண்டு முடிவதற்குள் கணக்குகளைச் சரிசெய்யுமாறு மேலிடத்திலிருந்து வருவது. மற்றொன்று, மகளிர் நாள் விழாவில் கலந்துகொள்ளுமாறு ஊரிலிருந்து வருவது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் கிளை ஒன்றில் பணியாற்றிய ஆண்டுகளில், இந்த இரண்டாவது அழைப்பை நான் ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

அப்பகுதியின் விழாக்களுக்கு ஒரு தனி அழகு உண்டு. வரவேற்புரை மலையாளத்தில் இருக்கும். நன்றியுரை தமிழில் முடியும். இரண்டும் எல்லோருக்கும் புரியும். அத்தகைய ஒரு விழாவில் ஐந்து பெண்கள் சிறப்பிக்கப்பட்டனர். படுக்கையில் கிடக்கும் முதியோர்க்கு வீடு வீடாகச் சென்று பணிவிடை செய்பவர் ஒருவர். வீட்டுக் கழிவுகளைத் தரம் பிரித்துச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனை உறுப்பினர் ஒருவர். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர். நெசவுத் தறிக்கு வாழ்நாள் முழுவதும் தார் சுற்றிக் கொடுத்த மூதாட்டி ஒருவர். ஐந்தாமவர் ஓர் அயல்கூட்டத்தின் பொருளாளர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு வழங்கினர். மேடையில் அமர்ந்து கைதட்டியவர்களுள் நானும் ஒருவன்.

மறுவாரம் அந்தப் பொருளாளர் எங்கள் கிளைக்கு வந்தார். ஏத்தங்காய் உப்பேரி போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு தொழிலை விரிவாக்க நாற்பதாயிரம் ரூபாய் கடன் வேண்டும் என்றார். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வீடு கணவர் பெயரில் இருந்தது. மின் இணைப்பும் அப்படியே. தொழிலுக்கென்று எந்தப் பதிவும் இல்லை. விற்பனைத் தொகை மகனுடைய கைப்பேசி எண்ணுக்குச் சென்றது. நான் தயங்குவதைக் கண்டு அவர் சொன்னார்: “சாரே, சங்கத்துக் கணக்கு முழுக்க என் கையெழுத்துதான். என் பேருல மட்டும் ஒண்ணுமில்ல.”

பெண்களைச் சிறப்பித்தல் என்றால் என்ன என்பதை அந்த ஒரு வாக்கியம் எனக்கு விளங்கவைத்தது. கணக்கியல் படித்தவர்கள் அறிவார்கள்: நடவடிக்கைகள் முதலில் குறிப்பேட்டில் தேதி வாரியாகப் பதியப்படும், பின்னர் பேரேட்டில் பெயர் வாரியாக எடுத்தெழுதப்படும். ‘என்று நடந்தது’ என்பதைக் குறிப்பேடு சொல்லும். ‘யாருடையது’ என்பதைப் பேரேடு சொல்லும். விழா என்பது குறிப்பேட்டுப் பதிவு. அதைப் பேரேட்டுக்கு எடுத்தெழுதும் வேலைதான் பெரும்பாலும் நடப்பதில்லை. அந்த வேலையை எவ்வாறு செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு துணியின் வரலாறு

இம்மண்ணில் ஒரு பெண்ணின் தோளில் துணி போர்த்துவது சாதாரணச் செயல் அன்று. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இவை அனைத்தும் தென் திருவிதாங்கூரின் ஒரே நிலப்பரப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதற்கு இந்நாட்டில் உரிமை இல்லை. அணிந்தவர்களின் துணி பொதுவிடங்களில் கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு வெளிவந்தது. அதுவும் முழு உரிமையை வழங்கவில்லை. உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடனேயே வந்தது.

நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலத்திலும் இத்தகைய ஒரு நினைவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்க வெங்கானூர் அய்யன்காளி அழைத்துச் சென்றார். அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கே தீ வைத்தனர். இன்று அதே ஊரின் அரசுப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. வகுப்பறையில் அமர இடம் மறுக்கப்பட்ட சிறுமியின் பெயர் பள்ளியின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. பேரேட்டில் எடுத்தெழுதுதல் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே, பொன்னாடையை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கிழிக்கப்பட்ட துணி இன்று ஊரே எழுந்து நின்று போர்த்தும் துணியாகியிருக்கிறது. ஆயினும், அத்துணி வீட்டுப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட மறுநாள், அப்பெண்ணின் பெயர் எந்தெந்த ஏடுகளில் இருக்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது.

பணத்திற்கு முன் பழக்கம்

கேரளத்தின் குடும்பஸ்ரீ இயக்கத்தை 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாய் தொடங்கிவைத்தார். அதன் அடித்தளம் அயல்கூட்டம். பக்கத்து வீடுகளைச் சேர்ந்த பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அமைப்பு. ஒரு வார்டின் அயல்கூட்டங்கள் இணைந்து பகுதி வளர்ச்சிச் சங்கமாகவும், ஓர் உள்ளாட்சி அமைப்பின் பகுதிச் சங்கங்கள் இணைந்து சமுதாய வளர்ச்சிச் சங்கமாகவும் அமைகின்றன. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் இப்பணியின் வேர் இன்னும் முந்தியது. மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைக்கப்பட்டது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன.

இக்குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முயற்சியை நபார்டு வங்கி 1992-இல் தொடங்கியது. முதற்கட்ட இலக்கு 500 குழுக்கள் மட்டுமே. ‘சொத்துப் பிணை இல்லாதவர்க்கு எதை நம்பிக் கடன் தருவது?’ என்பதே அன்று வங்கிகளின் கேள்வி. அதற்குக் கிடைத்த விடை ஐந்து பழக்கங்கள்: தவறாமல் கூடுதல், தவறாமல் சேமித்தல், சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கடன் வழங்குதல், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், கணக்கேடுகளைச் செம்மையாக எழுதுதல். வங்கி வழக்கில் இவற்றைப் ‘பஞ்ச சூத்திரம்’ என்பர். குழுவைத் தரமிடும்போது வங்கி அலுவலர் முதலில் பார்ப்பது இந்த ஐந்தையே.

இவற்றுள் ஐந்தாவது பழக்கத்தைத் தோளில் சுமப்பவர் பொருளாளர். ஊதியம் இல்லை. தொகை குறைந்தால் பழி அவருக்கு. சரியாக இருந்தால் அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எல்லோரும் அறிந்த ஊரில், கடன் தவணை தவறிய அயல்வீட்டுப் பெண்ணிடம் பகையின்றிப் பணம் கேட்பது எளிதன்று. சமூக சேவை என்று நாம் மேடையில் ஒரு சொல்லில் கூறுவது, பெரும்பாலும் இத்தகைய அலுப்பான, தொடர்ச்சியான, கணக்கில் வராத உழைப்பே.

இன்று மகளிர் குழுக்களுக்கான கடன் விதிகள் பெரிதும் எளிதாகியுள்ளன. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையோ விளிம்புத் தொகையோ கேட்கக் கூடாது. இருபது லட்சம் வரையிலும் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டு வட்டி ஏழு விழுக்காடு. குடும்பஸ்ரீயும் தமிழ்நாட்டின் மகளிர் குழுக்களும் இவ்வியக்கத்தின் குடைக்குள்ளேயே வருவதால், எல்லையின் இரு பக்கத்துக்கும் இவை பொருந்தும். விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பு விதியைக் கிளையில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நலம்.

குழுவின் பெயரும் தனிப்பெயரும்

இனி, உப்பேரிக் கடன் கேட்டு வந்த பொருளாளரின் நிலைக்கு வருவோம். குழுவுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்கும்போது எல்லா உறுப்பினரின் அடையாள ஆவணங்களையும் வங்கி கேட்பதில்லை. பொறுப்பாளர்களின் ஆவணங்களே போதும். நடைமுறையை எளிதாக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் குழுவில் நாணயமாக இருந்த ஒரு பெண், தனியே வங்கிக்கு வரும்போது புதியவராகவே தோன்றக்கூடும். இதனை உணர்ந்தே, குழுக்கடன் பெற்ற உறுப்பினர்களின் விவரங்களைத் தனித்தனியாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2016-இல் பணித்தது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை தமது கடன் அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் கட்டணமின்றிப் பெறலாம். குழு உறுப்பினர்கள் அதனைப் பெற்று, தமது பெயரும் பிறந்த தேதியும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறொரு பெயரும் இருந்தால், பல ஆண்டுகளின் நாணயம் இரண்டு பெண்களுக்கிடையே பிரிந்து போகும்.

அன்று அவரிடம் குழுவின் கணக்கேடுகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று ஏடுகள்; பதினொரு ஆண்டுகளின் கணக்கு. மலையாளச் சொற்கள் பல தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அடித்தல் திருத்தல் இருந்த இடங்களில் எல்லாம் தலைவியின் கையெழுத்தும் இருந்தது. எங்கள் கிளையிலிருந்த குழுக் கணக்குடன் ஒப்பிட்டபோது ஒரு ரூபாயும் வேறுபடவில்லை. ஒருவரின் நாணயத்துக்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் பார்த்ததில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் வரை பிணையின்றி வழங்கப்படும் முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் அவர் கேட்ட கடன் வழங்கப்பட்டது. உடன், அவர் பெயரில் மூன்று செயல்கள் நடந்தன. கட்டணமில்லாத உத்யம் பதிவு. உணவுப் பாதுகாப்புப் பதிவு. விற்பனைத் தொகை மகனுடைய எண்ணுக்குச் செல்லாமல் அவருடைய கணக்கிற்கே வரும் கியூஆர் அட்டை. அந்த அட்டையை வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தில் கண்ட மலர்ச்சியை, விழா மேடையில் நான் காணவில்லை.

எல்லை கடந்து வரும் மருமகள்கள்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தொலைவு. கொள்வினையும் கொடுப்பினையும் அன்றாடம் நிகழ்பவை. ஆனால், விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து நெய்யாற்றின்கரைப் பக்கம் மணமாகி வரும் பெண், ஒரே நாளில் வேறொரு மாநிலத்தின் ஆவணங்களுக்குள் நுழைகிறார். பிறந்த ஊரில் குழுத் தலைவியாக இருந்தவரும் புகுந்த ஊரில் முதல்நாள் உறுப்பினராகவே தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் ஆற்றிய பணி அங்கேயே தங்கிவிடுகிறது.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. குழுவை விட்டு விலகும்போது, தமது சேமிப்புப் பங்கைக் கணக்கிட்டுப் பெற்றுக்கொள்வதோடு, எத்தனை ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார், எப்பொறுப்பை வகித்தார், கடனை எவ்வாறு செலுத்தினார் என்பவற்றைக் குழுவின் தீர்மான ஏட்டில் எழுதி, அதன் படி ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டும். வங்கிக் கணக்கை மூட வேண்டியதில்லை. அதே வங்கியின் புதிய ஊர்க் கிளைக்கு அதே எண்ணுடன் மாற்றிக்கொள்ளலாம். பழைய கணக்கின் வரலாறே புதிய ஊரில் அவருக்கு அறிமுகம். ஆதாரில் முகவரியை விரைவில் மாற்றிக்கொள்வதும் நன்று.

மொழி பற்றியும் ஒரு சொல். கேரளத்துக் கிளைகளின் படிவங்கள் மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், படிவத்தின் பொருளைத் தமிழில் விளக்கக் கேட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும். அவ்வாறு கேட்பதில் தயக்கம் தேவையில்லை. கையெழுத்து எம்மொழியிலும் இருக்கலாம். தமிழ்க் கையெழுத்து எந்த மாநிலக் கிளையிலும் செல்லும்.

சட்டமும் ஓரளவு துணைநிற்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டையில் வீட்டின் மூத்த பெண்மணியையே குடும்பத் தலைவராகக் கொள்ளச் சொல்கிறது. கேரளத்தில் 2010 தேர்தல் முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்குரியவை. தமிழ்நாடும் 2016-இல் அவ்வாறே சட்டம் இயற்றியது. ஏட்டில் பெயர் ஏறும் இடங்கள் பெருகிவருகின்றன. அவற்றை நிரப்ப வேண்டியவர்கள் நாம்.

விருதுகள் எவ்வாறு ஊரைத் தேடி வருகின்றன?

எளிய பெண்களை நாடறியச் செய்த விருதுகள் பல உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கல்லாறு வனப்பகுதியைச் சேர்ந்த மூலிகை மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மா 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு கேரள எழுத்தறிவுத் தேர்வில் 96 வயதில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்ற கார்த்தியாயினி அம்மாவுக்கு, 2020 மார்ச் 8 அன்று குடியரசுத் தலைவர் நாரி சக்தி விருதை வழங்கினார். தமிழ்நாட்டில் 2012 முதல் மகளிர் நாளை ஒட்டி ஔவையார் விருது வழங்கப்படுகிறது.

வங்கியாளர் என்ற முறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் மதுரை மாவட்டத்தின் சின்னப்பிள்ளை. விவசாயக் கூலித் தொழிலாளி. பள்ளி சென்று படிக்காதவர். களஞ்சியம் இயக்கத்தின் வழியே கிராமத்துப் பெண்களைச் சேமிப்புக்குத் திரட்டினார். 1999-ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருதை வழங்கியபோது, பிரதமர் வாஜ்பாய் மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. ஒரு பெண்ணுக்கு நாடு செய்யக்கூடிய சிறப்பு இதற்கு மேல் இல்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், 2024-இல் தமக்கென ஒரு நல்ல வீடு இல்லை என்பதை அவர் வெளியே சொல்ல நேர்ந்தது. அதன் பிறகே, நிலமும் வீடும் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆயிரமாயிரம் பெண்களின் பெயரைச் சேமிப்பு ஏட்டில் ஏற்றியவருக்கே, ஒரு வீட்டு ஆவணத்தில் பெயர் ஏற அத்தனை காலம் ஆயிற்று.

இவ்விருதுகள் தாமாக ஊர் தேடி வருவதில்லை. எவரேனும் ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் வருகின்றன. பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் எவரையும் பரிந்துரைக்கலாம்; மத்திய அரசின் விருதுகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணியை விளக்கும் குறிப்பு 800 சொற்களுக்குள் அமைய வேண்டும். ‘அளப்பரிய சேவை’ என்ற சொற்கள் அங்கே பயன்படா. எத்தனை ஆண்டு, எத்தனை வீடு, எத்தனை பேர், என்ன மாற்றம் என்பவையே பயன்படும். அதற்கு ஊரில் ஏடு இருக்க வேண்டும்.

அடுத்த விழாவுக்கு முன்

அடுத்த மகளிர் நாளில் உங்கள் ஊரில் விழா எடுக்கும் பொறுப்பு உங்களுக்கு இருக்கலாம். அல்லது நன்கொடை கேட்டு வருபவர்க்கு நீங்கள் கொடுக்கலாம். அப்போது சிலவற்றை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

சிறப்பிக்கப்படும் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அவருடைய முழுப்பெயர், பணி, ஆண்டுகள், எண்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். மேடையில் அதைப் படியுங்கள். ஒரு படியை அவரிடமும், ஒரு படியை ஊராட்சி நூலகத்திலும் வையுங்கள். கண்ணாடிப் பேழையில் வரும் நினைவுப் பரிசுக்கு ஆகும் தொகையை அவர் பெயரில் வைப்புநிதியாகச் செலுத்தலாம். அவருக்குத் தனிக் கணக்கு இல்லையெனில், விழாவுக்கு முன்பே குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள். 18 முதல் 70 வயது வரையிலானவர்க்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. பரிந்துரைக்கப்படும் வாரிசின் பெயருடன் அதில் அவரைச் சேர்க்கலாம். தொழில் செய்பவராயின், விழா நாளிலேயே உத்யம் பதிவைச் செய்து, அதன் சான்றை மேடையில் வழங்கலாம். உங்கள் கிளையில் முன்கூட்டியே சொன்னால், உரிய படிவங்களுடன் அலுவலர் ஒருவர் வருவார்.

அந்தப் பொருளாளரின் கடன் உரிய காலத்தில் முடிந்தது. நான் மாற்றலாகி வரும் நாளில் கிளைக்கு வந்து உப்பேரிப் பொட்டலம் ஒன்றைத் தந்தார். உறையின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் தயாரிப்பாளர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டிலும் அவருடைய பெயரே இருந்தது.